பெண் எடுத்த பெண்கள்

2011-இல் கென்யாவின் மொம்பாசா உயர் நீதிமன்றத்தில் ஒரு வாரிசு வழக்கில் தீர்ப்பு வந்தது. இறந்தவர் ஒரு பெண்மணி. வயிற்றுப்பிள்ளை கிடையாது. சொத்து இருந்தது, சொத்து இருக்கிற இடத்தில் தவறாமல் வந்து நிற்கிற சொந்தபந்தமும் இருந்தது. அவர்களுக்கு எதிரே நின்று, நான் இறந்தவரின் மனைவி, என் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள், அதனால் சொத்து எங்களுக்குத்தான் என்று கேட்டவரும் ஒரு பெண்தான். நீதிபதி ஜாக்டன் ஒஜ்வாங் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நந்தி மக்களின் வழக்கத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை முறையாகத் திருமணம் செய்துகொள்ளலாம், அப்படிக் கட்டப்பட்டவர் வாரிசுச் சட்டத்தின் கண்ணிலும் மனைவிதான், பிள்ளைகளும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

இதே கென்யாவில் ஓரினச் சேர்க்கை குற்றம். வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன தண்டனைச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு, கிட்டத்தட்ட நம்முடைய பழைய 377, அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 மே மாதம் நைரோபியில் உயர் நீதிமன்றம் அதை நீக்க மறுத்துவிட்டது. முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ஆனால் நந்தி பெரியவர்கள் இதில் முரண்பாடு எதையும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அந்தத் திருமணத்தில் இரண்டு பெண்கள் கிடையாது. ஒரு கணவர், ஒரு மனைவி, அவ்வளவுதான்.

நான் இந்த விஷயத்துக்குள் வந்தது சுற்றுவழியில். 1950களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி ஆராய்ச்சி செய்த கேத்லீன் கஃப்பைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேரளத்திலும் வேலை செய்தவர், நாயர் சமூகத்தின் பழைய சம்பந்த முறையைப் பற்றி 1959-இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது பிரிட்டிஷ் மானிடவியலாளர்கள் கையில் வைத்திருந்த வழிகாட்டிப் புத்தகம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து, பிறக்கிற பிள்ளைகள் இருவருக்கும் முறையான பிள்ளைகள் ஆனால் அது திருமணம் என்று சொல்லியிருந்தது. நாயர் பெண்ணுக்கு ஒரே சமயத்தில் பல சம்பந்தக்காரர்கள் இருக்கலாம் என்பதால் இந்த இலக்கணம் மலபாரில் உதைத்தது. கஃப் அதைத் திருத்தப் போனபோது அவர் கண் முன்னால் இன்னொரு சிக்கலும் இருந்தது, அன்றைய சூடானின், இன்றைய தென் சூடானின், நுவேர் மக்கள். அங்கே கணவரே பெண்ணாக இருக்கலாம். அதனால் கணவர் பக்கம் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாமல், பிறக்கிற பிள்ளைக்கு அந்தச் சமூகத்தில் முழு உரிமை கிடைக்கிறதா என்பதை மட்டும் வைத்து அவர் புது இலக்கணம் எழுதினார். மலபாரும் நைல் நதிச் சதுப்பு நிலமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு எனக்குத் தஞ்சாவூர் மறந்தே போய்விட்டது.

ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. நைஜீரியாவின் இக்போ, பழைய தஹோமியின் (இன்றைய பெனின் நாடு) ஃபோன், கென்யாவின் நந்தி, கிப்சிகிஸ், கம்பா, கிக்குயு, தென்னாப்பிரிக்காவின் லோவேடு, வெண்டா என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, ஒரே காரணமும் இல்லை. இதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் பாதிப்பேர் ஆப்பிரிக்கா என்று ஒரு நாடு இருப்பது போல எழுதுகிறார்கள். அதனால் நான் நந்தியில் ஆரம்பிக்கிறேன், அங்கேதான் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

நந்திக்காரர்கள் மேற்குக் கென்யாவின் மேட்டு நிலத்தில் இருப்பவர்கள். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மாட்டோடு சம்பந்தம் உண்டு என்பது மட்டும்தான் ஒற்றுமை.) இன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் பேர்போன பகுதி, கிப் கெய்னோவும் எலியூட் கிப்சோகேவும் அந்த மண்தான். ஆனால் பழைய வாழ்க்கை முழுக்க மாட்டைச் சுற்றியே நடந்தது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருந்தால், ஒவ்வொரு மனைவியின் வீடும் ஒரு தனிக் கணக்கு. கல்யாணத்தின்போது அவளுக்கென்று ஒதுக்கிய மாடுகள், அவள் பெற்ற பெண்களுக்குப் பரிசமாக வந்த மாடுகள், அவற்றின் கன்றுகள் எல்லாம் அந்த வீட்டுக்குச் சொந்தம். கணவன் நினைத்தால் மூத்தாள் வீட்டு மாட்டை எடுத்து இளையாள் வீட்டுக்கு ஓட்டிவிட முடியாது. மனைவிகளைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு என்று தோன்றும், ஒரு நிபந்தனையைக் கேட்கும்வரை. அந்த வீட்டுச் சொத்து அந்த வீட்டு மகன்களுக்குத்தான் போகும். மகள்கள் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள்.

சரி, ஒருத்திக்கு மகனே இல்லை. குழந்தையே இல்லை, அல்லது பெற்றது எல்லாம் பெண். அவள் காலம் முழுக்கப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய மந்தை, அவள் உழுத நிலம், எல்லாம் அவள் கண்ணை மூடியதும் சக்களத்தியின் மகன்களுக்கோ, கொழுந்தன் மகன்களுக்கோ போய்ச் சேரும். பங்காளிகள் வாசலில் காத்திருப்பார்கள். இதைத் தடுக்க அவளுக்கு வழக்கம் கொடுத்த வழிகளில் ஒன்று, அவளே ஒரு பெண் எடுப்பது. தன் வீட்டு மாட்டைப் பரிசமாகக் கொடுத்து ஓர் இளம்பெண்ணை மனைவியாகக் கொண்டுவருவது. அந்தப் பெண் பெறுகிற மகன் அந்த வீட்டு வாரிசு. பங்காளிகள் திரும்பிப் போகலாம்.

கல்யாணத்தில் ஒரு குறையும் வைப்பதில்லை. பெண் வீட்டுக்குப் போய்ப் பேசுவது, மாடு எத்தனை, ஆடு எத்தனை என்று இரண்டு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து முடிவு செய்வது, அப்புறம் சடங்கு. நந்தி கல்யாணத்தின் உயிரான சடங்கு என்பது ஒரு வகைப் புல்லைத் திரித்து ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் கட்டுவது. நம் தாலி மாதிரி ஒரு பக்கம் மட்டும் இல்லை, இருவரும் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கட்டிவிட்டால் அவிழ்ப்பது என்பது அநேகமாக நடக்காத காரியம். கட்டுகிற இரண்டு கைகளும் பெண்ணின் கைகளாக இருந்தாலும் அதே புல், அதே முடிச்சு.

அதற்குப் பிறகு கட்டியவர் ஆண். வேடத்துக்கு இல்லை, அந்தஸ்தில். கணவன் ஸ்தானத்துக்கு வந்த பெண் இனி எந்த ஆணோடும் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, தப்பித்தவறி அவர் கர்ப்பமாகிவிட்டால் கணக்கு முழுக்கக் குழம்பிவிடும் இல்லையா. அதனால்தான் பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதைத் தாண்டியவர்களே இப்படிப் பெண் எடுக்கிறார்கள். சமையல், தண்ணீர் எடுப்பது, விறகு சுமப்பது எல்லாம் இனி மனைவியின் வேலை. ஆண்கள் உட்காரும் இடத்தில் அவர் உட்காரலாம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சொந்தக் கணவன் உயிரோடு இருக்கவும் கூடும். ஒரே ஆள் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்குக் கணவர்.

1970களில் அங்கே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் ரெஜின் ஸ்மித் ஓபோலர் இந்த இடத்தில்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அவர் நிஜமாகவே ஆணாகத்தான் நடத்தப்படுகிறாரா? கேட்டால் ஊரில் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள், ஆமாம், அவர் ஆண்தான். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் பல வீடுகளில் அவர் பழையபடியே பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டும், பழகிய வேலைகளைச் செய்துகொண்டும் இருக்கிறார். ஊர்க்காரர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் அவரை ஆணாக்குகிற இடம் ஒன்றே ஒன்று, மாடும் நிலமும் கைமாறும் இடம். பெண் சொத்தை வாரிசுக்குக் கொடுக்க முடியாது என்பது சட்டம், இந்தப் பெண் கொடுத்தாக வேண்டும் என்பது தேவை, ஆகவே இவர் பெண் இல்லை. சட்டத்தை மாற்றுவதை விட ஆளை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்த வழக்கத்தைப் பற்றிப் படித்ததிலேயே மிகவும் பிடித்ததும் மிகவும் எரிச்சலூட்டியதும் இந்த இடம்தான். ஆளுக்கு ஆள் விலக்குக் கொடுப்பார்கள், விதியில் மட்டும் கைவைக்க மாட்டார்கள்.

இப்போது மனைவியிடம் வருகிறேன். கணவன் ஸ்தானத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது, அவர்தான் சுவாரசியமானவர், விதியை வளைத்தவர், பணமும் மாடும் உள்ளவர். அந்த வீட்டுக்கு வருகிற இளம்பெண் யார்? எதற்காக ஒத்துக்கொள்கிறாள்? பெரும்பாலும் அவளுக்கு வேறு வரன் அமைவது சிரமமாக இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தை பிறந்திருக்கலாம், உடலில் ஏதாவது குறை என்று ஊர் சொல்லியிருக்கலாம், வீட்டில் வறுமையாக இருக்கலாம். பெண் எடுக்க வரும் பெண் வழக்கத்தைவிடக் கூடுதல் மாடு கொடுக்கத் தயாராக இருப்பாள் என்பதும் அப்பாக்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் மாமியார், கணவர் இரண்டும் ஒரே ஆள். கேட்கவே பயமாக இருக்கிறதா? ஓபோலரிடம் பேசிய நந்தி மனைவிகள் பலர் இதில் உள்ள வசதிகளையும் சொல்லியிருக்கிறார்கள். கணவரிடமிருந்து அடி உதை குறைவு, பேச்சுத்துணை உண்டு, யாரோடு பழகுவது என்பதில் தனக்கும் கொஞ்சம் தேர்வு உண்டு. பிள்ளை பெறுவதற்காக அவள் பழகும் ஆணுக்குப் பிள்ளையின் மேல் எந்த உரிமையும் கிடையாது, பரிசம் கொடுத்தவர்தான் தகப்பன் ஸ்தானம். அந்த ஆண் வருவான், போவான். ஆணாதிக்கச் சமூகம் ஒன்றில் ஆண் இந்த அளவுக்கு உதிரியாகிப்போகிற இன்னொரு இடம் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

நுவேர் மக்களிடம் இதே ஏற்பாடு இன்னும் கறாராக இருந்தது. பிள்ளை இல்லாத பெண் அங்கே சில விஷயங்களில் ஆணாகவே எண்ணப்பட்டாள். அண்ணன் தம்பி மகள்களுக்கு வரும் பரிச மாட்டில் சித்தப்பா பெரியப்பாக்களுக்குப் பங்கு போகும்போது இவளுக்கும் சித்தப்பா பங்கு வரும். குறி சொல்வது, வைத்தியம் பார்ப்பது என்று சம்பாதித்த மாடும் சேரும். போதுமான மாடு சேர்ந்ததும் அவள் ஒரு பெண்ணைக் கட்டுவாள், பிறக்கிற பிள்ளைகள் அவளை அப்பா என்று கூப்பிடும்.

தமிழ் வாசகர்கள் உடனே பிடித்துக்கொள்ளக்கூடியது லோவேடு கணக்குதான், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. தென்னாப்பிரிக்காவின் வடக்கே, இன்றைய லிம்போபோ மாகாணத்தில் இருப்பவர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது வந்த பரிச மாடுகளை வைத்துத் தம்பி தனக்குப் பெண் எடுக்கிறான். ஆக தம்பியின் குடும்பமே அக்காவின் மாட்டால் வந்தது. அதற்குக் கைம்மாறாக, தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்கும் உரிமை அக்காவுக்கு உண்டு. இதுவரை கேட்டால் நம் ஊர் அத்தை நினைவுக்கு வருவார், முறைப்பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தால் வாசலில் வந்து சண்டை போடுகிற அதே அத்தை. ஆனால் லோவேடு அத்தைக்கு மகன் இல்லை என்றால்? உரிமை வீணாகப் போகாது. அத்தையே கட்டிக்கொள்வார். தம்பி மகள் அத்தைக்கு மனைவியாக வருவாள்.

லோவேடு மக்களின் ராணிதான் மோஜாஜி, மழையை வரவழைப்பவர் என்று தென்னாப்பிரிக்கா முழுக்கப் பெயர் பெற்ற மழைராணி. 1800 வாக்கில் தொடங்கிய பெண் பரம்பரை. முறைப்படி ராணிக்குக் கணவன் கிடையாது, மனைவிகள் உண்டு. மழை வேண்டியும் தயவு வேண்டியும் குறுநிலத் தலைவர்கள் தங்கள் மகள்களை ராணிக்கு மனைவியாக அனுப்புவார்கள். ராணி அவர்களில் சிலரை மற்ற தலைவர்களுக்கும் உறவினருக்கும் திரும்ப மணமுடித்துக் கொடுப்பார், கொடுத்த இடமெல்லாம் ராணிக்குச் சம்பந்தி வீடாகும். படை இல்லாமல் ஒரு ராஜ்ஜியத்தைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது இந்தச் சம்பந்தி வலைதான். ஆறாவது மோஜாஜியான மக்கோபோ 2003-இல் பட்டம் ஏறி 2005-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். 2016-இல் தென்னாப்பிரிக்க அரசு அந்த ராணிப் பட்டத்தை முறைப்படி அங்கீகரித்தது. அனுப்பப்பட்ட அந்த மகள்களின் வாயிலிருந்து ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினேன். ராணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, அவர்களைப் பற்றிப் படித்ததெல்லாம் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்குதான்.

இக்போ நாட்டில் கதை வேறு. அங்கே வாரிசுக்காகப் பெண் எடுத்தவர்களும் உண்டு, வசதிக்காக எடுத்தவர்களும் உண்டு. சந்தையில் வியாபாரம் செய்து பணம் சேர்த்த பெண், அந்தப் பணத்தை வைத்து மனைவிகளைக் கொண்டுவந்தால் வேலைக்குக் கை கிடைக்கும், பிள்ளைகள் கிடைக்கும், ஊரில் பேர் கிடைக்கும். ஆண் பணக்காரர்கள் செய்ததைத்தான் பெண் பணக்காரர்களும் செய்தார்கள். தஹோமியிலும் வணிகத்தில் செழித்த பெண்கள் இப்படித் தனி வளவே உண்டாக்கியிருக்கிறார்கள்.

இக்போக்களில் எனக்கு அலுக்காத ஆள் அஹெபி உக்பாபே. எனுகு-எசிகே ஊர்க்காரர். சிறுவயதிலேயே ஊரை விட்டு ஓடி இகாலா நாட்டுக்குப் போய், அங்கே உடலை விற்றும் வியாபாரம் செய்தும் பிழைத்து, பல மொழிகள் கற்று, பெரிய மனிதர்களின் பழக்கத்தைச் சம்பாதித்து, கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பக்கம் வந்தபோது அவர்களுக்கு வழிகாட்டியாக ஊர் திரும்பினார். 1918-இல் ஆங்கிலேயர் அவரை வாரண்ட் தலைவராக, அதாவது தங்கள் சார்பில் ஊரை ஆள அரசு நியமிக்கிற தலைவராக, ஆக்கினார்கள், காலனி நைஜீரியாவில் அந்தப் பதவிக்கு வந்த ஒரே பெண். அதோடு நிற்காமல் ராஜாவாகவும் ஆனார், ராணியாக இல்லை, ராஜாவாக. அவருக்கு மனைவிகள் இருந்தார்கள். அவர்களில் பலர் புருஷனிடம் அடி தாங்க முடியாமல் ஓடிவந்து அவர் அரண்மனையில் தஞ்சம் புகுந்தவர்கள். அஹெபி அந்தப் புருஷன் கொடுத்திருந்த பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு, தானே அவர்களைக் கட்டிக்கொள்வார். விவாகரத்தும் மறுமணமும் ஒரே கொடுக்கல் வாங்கலில் முடிந்துவிடும். பிறந்த பிள்ளைகள் அவர் பெயரைச் சுமந்தார்கள். அதே அஹெபி வரிக்கு ஆள் எண்ணுவதிலும், ஊர்க்காரர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்புவதிலும் வெள்ளைக்காரனுக்குக் கைகொடுத்தவர் என்பதையும் சொல்லவேண்டும். அடைக்கலம் கொடுத்தவரும் அவர்தான், ஊரை நசுக்கியவரும் அவர்தான்.

அவர் எல்லை தாண்டியது பெண்களைக் கட்டியதற்காக இல்லை. முகமூடி தரித்த மூதாதை ஆவிகளை ஊருக்குள் கொண்டுவரும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே உரியது, அஹெபி தன் பெயரில் ஒரு முகமூடியைக் கொண்டுவந்தார். ஆண்கள் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், விவகாரம் ஆங்கிலேய அதிகாரிவரை போயும் அவருக்குச் சாதகமாக ஆகவில்லை. மனைவி கட்டலாம், ராஜாவாகலாம், முகமூடி மட்டும் தொடக்கூடாது. 1948-இல் இறப்பதற்கு முன்பே, தனக்குச் செய்யவேண்டிய சாவுச் சடங்கைத் தானே செய்து பார்த்துவிட்டார், ஊர் ஒழுங்காகச் செய்யும் என்ற நம்பிக்கை இல்லை போல.

நைஜீரிய நீதிமன்றங்கள் கென்யா போன வழியில் போகவில்லை. 1976-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மெரிபே எதிர் எக்வு வழக்கில், குழந்தை இல்லாத ஒரு பெண் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தார், அவள் பிள்ளைக்கு நிலத்தில் உரிமை உண்டா என்பது கேள்வி. நீதிபதிகள் சொன்னது இது. பெண்ணைப் பெண் கட்டுவது என்று ஒரு வழக்கம் இருக்குமானால் அது செல்லாது. ஆனால் இந்தப் பெண் கட்டியது தனக்காக இல்லை, தன் கணவனுக்காக, ஆகவே இது சாதாரணத் திருமணம், பிள்ளைக்கு உரிமை உண்டு. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு வழக்கத்தைக் கைகழுவிவிட்டார்கள். அதற்குப் பயன்பட்டது, இயற்கை நீதிக்கும் நல்ல மனச்சாட்சிக்கும் ஒவ்வாத வழக்கங்கள் செல்லாது என்ற பழைய காலனிக் கோட்பாடு. இந்தியாவிலும் ஆங்கிலேய நீதிபதிகள் அடிக்கடி பிடித்துக்கொண்ட மனச்சாட்சிதான், யாருடைய மனச்சாட்சி என்று யாரும் கேட்கவில்லை. நைஜீரியாவில் 2014 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒரே பாலினத் திருமணத்துக்குப் பதினான்கு வருடச் சிறை என்கிறது.

இங்கே எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி. அவர்களுக்குள் உறவு இருந்ததா? 1937-இல் தஹோமியைப் பற்றி எழுதிய மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ், சில இடங்களில் இருந்திருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். லோவேடு மக்களிடையே பல காலம் ஆராய்ந்த ஐலீன் கிரிகே அதைக் கடுமையாக மறுத்தார். இக்போ ஆய்வாளர் இஃபி அமாடியூமே, மேற்கத்தியப் பெண்கள் தங்கள் கதையை எங்கள் பாட்டிகள் மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்கிற தொனியில் கோபப்பட்டார். நந்திக்காரர்களும் இல்லை என்றுதான் சொன்னார்கள். 1990களில் கிக்குயு பெண்களிடம் பேசியவர்கள் மட்டும், வாரிசு மட்டுமே காரணம் இல்லை, அன்பும் துணையும்கூடச் சொல்லப்படுகிறது என்று கொஞ்சம் கதவைத் திறந்தார்கள். என் எண்ணம் இதுதான்: ஆப்பிரிக்காவில் ஓரினச் சேர்க்கை எப்போதும் இருந்தது என்று நிரூபிக்க இந்தத் திருமணங்களை இழுப்பவர்களும், அது எங்கள் கலாசாரத்திலேயே இல்லை என்று மேடையில் முழங்குபவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள், மாட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள், பல தலைமுறைகள். அவற்றில் ஒன்றில்கூட இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பியிருக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் திருமணம் அதற்காக ஏற்படவில்லை.

இன்று இந்த வழக்கம் செய்திகளில் அதிகம் அடிபடுவது தான்சானியாவில், மாரா பகுதியில், தாரிமேயைச் சுற்றி வாழும் குரியா மக்களிடம். நியும்பா ந்தோபு என்கிறார்கள். மகன் இல்லாத விதவை ஓர் இளம்பெண்ணைக் கட்டி வீட்டைத் தக்கவைத்துக்கொள்வது, அதே கணக்கு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் 2016 வாக்கில் இதைக் கண்டுபிடித்துக் கொண்டாடின, ஆண் இல்லாத வீடு, அடி உதை இல்லாத வாழ்க்கை, சிரித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெண்களின் படம். பொய் இல்லை. குரியா வீடுகளில் ஆண்களின் அடி எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தால், அதிலிருந்து தப்பிக்க ஒரு பெண் இதைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கட்டப்படுகிறவள் சில சமயம் பதின்ம வயதுக் குழந்தை. தேர்ந்தெடுத்தது அவள் அப்பா, பேசி முடித்தது மாடு. தான்சானியாவின் 1971-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெற்றோர் சம்மதத்தோடு 15 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க இடம் தந்தது, அதை எதிர்த்து 2016-இல் உயர் நீதிமன்றத்திலும் 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெண்கள் ஜெயித்தார்கள். அதே சட்டம் திருமணம் என்பதை ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று வரையறுப்பதால் நியும்பா ந்தோபு அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படுவதில்லை. படாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவள் நினைத்தால் பரிச மாடுகளை அவள் குடும்பம் திருப்ப வேண்டும், எந்த அப்பா தருவார்? பெற்ற பிள்ளைகள் வீட்டுக்குச் சொந்தம், எடுத்துக்கொண்டு போக முடியாது. பிள்ளைக்கு உடல்வழித் தகப்பன் பின்னாளில் வந்து உரிமை கொண்டாடினால் அதுவும் ஒரு சண்டை. மூத்தவரின் சுதந்திரத்துக்கு விலை கொடுப்பது இளையவள்தான் என்பது இங்கே எதையும் பூசி மறைக்காமல் தெரிகிறது. ஆண்களின் விதியிலிருந்து தப்பிக்க மூத்தவர் கையிலெடுத்தது ஆண்களின் அதே கருவியை, பரிசம் கொடுத்து ஒரு பெண்ணின் வயிற்றுக்கு உரிமை வாங்குவதை. இதை எழுதும்போது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வேறு கருவி எதுவும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவில்லை.

கென்யாவில் நிலைமை இப்போது இன்னும் குழப்பம். 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒரு பக்கம் பண்பாட்டை நாட்டின் அடித்தளம் என்று ஏற்கிறது, 45-ஆம் பிரிவில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் எதிர்பாலினத்தவரை மணக்கும் உரிமை உண்டு என்கிறது. 2014-இல் வந்த திருமணச் சட்டம் ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம் என்று தெளிவாகவே எழுதிவிட்டது. ஆக இப்படிக் கட்டிய வீடுகள் உயிரோடு இருக்கும்வரை பதிவேட்டில் இல்லை, யாராவது இறந்து சொத்துச் சண்டை வரும்போதுதான் மனைவி மனைவியா என்ற கேள்வியே எழும், அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் நீதிபதி யார் என்பதைப் பொறுத்துப் பதில்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1981 முதல் நடைமுறையில் உள்ள கென்ய வாரிசுச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். அது ஊரில் நிஜமாகவே நடந்தால் நந்தி அம்மாவுக்கு மனைவி எடுக்கவேண்டிய அவசியமே இல்லை, மகள்கள் போதும். நடப்பதில்லை, அப்பா வீட்டு நிலத்தைக் கேட்கும் மகளை அங்கேயும் யாரும் நல்லவள் என்று சொல்வதில்லை. ஆனால் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் நான் எதிர்பார்க்கிற அடுத்த வழக்கு மனைவிக்கும் பங்காளிகளுக்கும் நடுவில் இருக்காது. மூன்று மகள்களைப் பெற்ற ஒரு பெண்மணி, மகன் இல்லையே என்று வழக்கப்படி மனைவி எடுத்து, அந்த மனைவி பெற்ற மகன்களிடம் நிலத்தை விட்டுவிட்டு இறந்திருப்பார். மகள்கள் பங்கு கேட்டு வருவார்கள். பெண்ணுக்குச் சொத்து இல்லை என்பதைச் சமாளிக்கப் பிறந்த வழக்கம், அப்போது பெண்களுக்குச் சொத்துக் கொடுக்காமலிருக்கக் காரணமாக நீதிமன்றத்தில் நிற்கும். அந்த வழக்கில் நான் மகள்கள் பக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் இத்தனை வருடம் தண்ணீர் சுமந்து, பால் கறந்து, கடைசிக் காலத்தில் அந்த அம்மாவைக் குளிப்பாட்டிவிட்ட மனைவிக்கு எத்தனை ஏக்கர் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியாக வேண்டும்.